மிதிப்போரும் பெயர் பொறிப்போரும்

விளையாட்டைப் பற்றி எழுதப் புகுந்தால், “இதற்கும் சமுதாய வரலாற்றுக்கும் என்ன தொடர்பு?” என்று கேட்கும் நண்பர்கள் இன்னும் இருக்கிறார்கள். வெற்றி தோல்வியைக் காணும் கண்கள், ஓடுகின்றவனுக்குச் சோறிட்டவர் யார், அவன் ஓடும் பாதையை அமைத்தவர் யார், அவன் மார்பில் எழுதப்பட்டிருக்கும் பெயர் யாருடையது என்பவற்றைக் காண்பதில்லை. இது தற்செயலன்று. கண் அப்பெயரைப் படிக்கவேண்டும். மனம் அதைப் பற்றிக் கேள்வி எழுப்பக்கூடாது. அதற்காகவே அந்தப் பெயர் அங்கே எழுதப்படுகிறது.

ஐரோப்பாவின் சைக்கிள் ஓட்ட அணிகளுக்கு மின்னணுக் கம்பெனிகளும் தொலைபேசிக் கம்பெனிகளும் பணம் கொடுத்துத் தம் பெயரைச் சூட்டும் வழக்கத்தின் வரலாற்றை நாம் இங்கே ஆராய முற்படுகிறோம். கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் வாழ்கின்ற நமக்கு இது தூரதேசத்துச் செய்தியாகத் தோன்றலாம். ஆயின், அந்தக் கம்பெனிகளின் பெயர்கள் நம் வீடுகளிலும் இருந்தன. அவர்கள் ஓட்டிய சைக்கிளின் இனத்தையே நாமும் ஓட்டினோம். அங்கே கம்பெனி சைக்கிளோட்டியைத் தாங்கியது என்பார்கள். இங்கே, ஒரு காலத்தில், சைக்கிளோட்டிதான் கம்பெனியின் பொருளுக்கு உயிர் கொடுத்தான். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பது பயனுடையது.

உலகின் மிகப் பெரிய சைக்கிள் ஓட்டமான டூர் டி பிரான்ஸ் 1903ஆம் ஆண்டு ஜூலை மாதம் தொடங்கிற்று. அதைத் தொடங்கியது விளையாட்டுச் சங்கமன்று. ‘லோட்டோ’ என்ற பத்திரிகை. போட்டிப் பத்திரிகையை வீழ்த்தித் தன் விற்பனையைப் பெருக்க அதன் ஆசிரியர் ஹென்றி தெகிராஞ் நடத்திய வியாபார முயற்சியே இந்த ஓட்டம். விற்பனை இரு மடங்குக்கு மேலாயிற்று. முதல் ஓட்டத்தில் வென்ற மொரிஸ் காரன், புகைபோக்கி துடைக்கும் தொழில் செய்து வளர்ந்தவர். தொழிலாளியின் கால்களும் முதலாளியின் கணக்குப் புத்தகமும் சந்தித்த இடத்திலேயே இவ்விளையாட்டு பிறந்தது என்பதை நாம் மனத்தில் இருத்தவேண்டும்.

இவ்விளையாட்டுக்கு ஒரு தனி இயல்பு உண்டு. கால்பந்தாட்டத்திற்கு மதில் உண்டு. வாயிலில் சீட்டு விற்கலாம். சைக்கிள் ஓட்டமோ பொதுத் தெருவில் நடக்கிறது. வயலோரத்தில் நிற்கும் விவசாயியும் மதிலில் ஏறி நிற்கும் சிறுவனும் காசு கொடாமல் பார்க்கிறார்கள். ஆகவே அணிகளுக்கு வாயிற்காசு என்ற வருமானம் இல்லை. பிற்காலத்தில் தொலைக்காட்சி உரிமையால் வந்த பணமும் பெரும்பாலும் ஓட்டத்தை நடத்துவோர் கையிலேயே தங்கிற்று. அணியிடம் விற்பதற்கு எஞ்சியது ஓட்டக்காரனின் உடல் மட்டுமே. அவன் மார்பு, முதுகு, தொப்பி, காற்சட்டை யாவும் விளம்பரப் பலகைகளாயின. அணியின் பெயரே கம்பெனியின் பெயராயிற்று. ஊரின் பெயராலும் நாட்டின் பெயராலும் அணிகள் அழைக்கப்படும் விளையாட்டுகள் பல இருக்க, இங்கே இது நேர்ந்ததன் காரணம் இதுதான்.

தொடக்கத்தில் பணம் கொடுத்தவர்கள் சைக்கிள் உற்பத்தியாளர்களே. பியாங்கி, லெக்னானோ, பேஜோ முதலிய கம்பெனிகள் தங்கள் வண்டியின் உறுதியை உலகுக்குக் காட்ட ஓட்டக்காரரை அமர்த்தின. இரண்டாம் உலகப்போருக்குப் பின் ஸ்கூட்டரும் மோட்டார்காரும் பெருகவே, ஐரோப்பாவில் சைக்கிள் விற்பனை சரிந்தது. உற்பத்தியாளரால் சம்பளம் கொடுக்க இயலவில்லை. 1954இல் இத்தாலியின் பியோரென்சோ மாக்னி, ‘நிவியா’ என்னும் முகப்பூச்சின் பெயரைத் தம் அணிக்குச் சூட்டினார். சைக்கிளுக்குச் சிறிதும் தொடர்பில்லாத ஒரு பொருள் இவ்வாறு சைக்கிளோட்டியின் மார்பில் ஏறிற்று. தொடர்ந்து குளிர்சாதனப் பெட்டி செய்யும் ‘இக்னிஸ்’ வந்தது. காப்பி இயந்திரம் செய்யும் ‘பேமா’ வந்தது. புதிதாகப் பணம் சேர்ந்த நடுத்தர வகுப்பார் எந்தப் பொருளை வாங்கத் தொடங்கினரோ, அந்தப் பொருளின் பெயரைச் சைக்கிளோட்டிகள் மலையுச்சிக்குச் சுமந்தனர். எக்காலத்தில் எந்தத் தொழிலில் மூலதனம் குவிந்தது என்பதை அவர்களுடைய பழைய சட்டைகளை வரிசையாக வைத்தே ஒரு மாணவன் கற்றுவிடலாம்.

இந்த வரிசையில் நமக்கு மிக நெருக்கமான ஓர் ஏடு உண்டு. அது றலி சைக்கிளின் ஏடு. இங்கிலாந்தின் நொட்டிங்காமில் பிறந்த அந்த வண்டி, நம் பகுதியில் ஆசிரியருக்கும் தபாற்காரருக்கும் விதானையாருக்கும் அந்தஸ்தின் அடையாளமாக இருந்தது. 1960இல் றலி கம்பெனி, ‘ரியூப் இன்வெஸ்ட்மென்ற்ஸ்’ என்ற பிரித்தானியக் கூட்டுக் கம்பெனியோடு இணைந்தது. சென்னைக்கு அண்மையிலுள்ள அம்பத்தூரில் முருகப்பா குடும்பத்தாரோடு சேர்ந்து 1949இல் சைக்கிள் தொழிற்சாலையை நிறுவியதும் இதே கூட்டுக் கம்பெனிதான். அதன் பெயரையும் றலியின் பெயரையும் தாங்கிய அணி 1974 முதல் 1983 வரை ஐரோப்பிய வீதிகளில் ஓடிற்று. 1980இல் அவ்வணியின் யோப் சூட்டமெல்க் டூர் டி பிரான்ஸை வென்றார். 1983இன் முடிவில் றலி விலகியது. அணியின் நிருவாகி பீற்றர் போஸ்ற் அடுத்த ஆண்டுக்குத் தேடிப்பிடித்த புரவலர், ஜப்பானின் ‘பனசொனிக்’. 1984 முதல் 1992 வரை அந்தப் பெயரே அவரது ஓட்டக்காரரின் மார்பில் இருந்தது. ‘தொஷிபா’, ‘ஹிற்றாச்சி’ முதலிய பெயர்களும் அப்பத்தாண்டில் வேறு அணிகளின் சட்டைகளில் ஏறின. வண்டி செய்தவன் விலக, வானொலி செய்தவன் அவ்விடத்தில் வந்தமர்ந்தான். யந்திர யுகத்திலிருந்து மின்னணு யுகத்துக்கு மூலதனம் நகர்ந்ததை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று அரிது.

அந்த றலி வண்டியும், ‘நஷனல் பனசொனிக்’ என்று பொறித்த வானொலியும், அதே ஆண்டுகளில் நம் மண்ணில் வேறொரு வகையில் சந்தித்தன.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டது. வவுனியாவுக்கு வடக்கே புகையிரதம் நின்றது. யாழ்ப்பாணத்துக்கும் வன்னியின் பெரும்பகுதிக்கும் எரிபொருள், உலர் மின்கலம், சீமெந்து முதலிய பல பொருள்கள் செல்வதை அரசு தடைசெய்தது. மின்சாரம் இல்லை, மின்கலம் இல்லை, ஆகவே வானொலி ஊமையாயிற்று. குண்டு எங்கே விழுந்தது, பாதை எங்கே திறந்தது, பேச்சுவார்த்தை நடக்குமா, நடவாதா என்ற செய்திகள் உயிரோடு ஒட்டியவையாக இருந்த காலத்தில் வானொலி ஊமையாவது எத்தகைய இழப்பு என்பதை எண்ணிப் பாருங்கள்.

மக்கள் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து நிறுத்தினர். முன்விளக்குக்கான டைனமோவின் சிறு சக்கரத்தை ரயரோடு அணைத்தனர். ஒருவர் மிதிகட்டையைக் கையாற் சுழற்ற, டைனமோவிலிருந்து வந்த கம்பி வானொலிக்குச் சென்றது. அந்தச் சிறு கருவி தருவது ஆறு வோல்ற்று, மூன்று உவாற்று அளவே. அது தருவதும் ஆடலோட்டம். வானொலிக்கு வேண்டியதோ நேரோட்டம். இடையே ஓர் இருவாயியும் ஒரு கொள்ளளவியும் வைத்தால் ஓட்டம் ஒருவழிப்படும். பாடசாலைப் பௌதிகவியல் நூலில் இருந்த பாடம் முற்றத்தில் நடைமுறைக்கு வந்தது. சுழற்றுபவர் கை தளர்ந்தால் குரல் தேய்ந்தது. இன்னொருவர் கை மாற்றினார். லண்டனிலிருந்து பி.பி.சி.யின் தமிழோசையும் மணிலாவிலிருந்து வெரித்தாஸ் வானொலியின் தமிழ் ஒலிபரப்பும் இவ்வாறு கேட்கப்பட்டன. அயலார் சுற்றி நின்று கேட்டனர்.

பனசொனிக் அணி ஐரோப்பாவில் ஓடிய இறுதி ஆண்டுகளும் இங்கே டைனமோ சுழன்ற முதல் ஆண்டுகளும் ஒன்றே. அங்கே மிதித்தவன் சம்பளம் பெற்று, ஒரு பெயரை உலகுக்குக் காட்டினான். இங்கே சுழற்றியவன் எந்தச் சம்பளமும் பெறாமல், அதே கைத்தொழிலின் பொருளைத் தன் தசையாற் பேசவைத்தான். இதற்குப் புரவலர் இல்லை, சட்டை இல்லை, பரிசளிப்பும் இல்லை. ஆயினும் மனித உழைப்பின் வரலாற்றில் இது எந்த மலைச்சாலை வெற்றிக்கும் குறைந்ததன்று.

1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் பெயர்ந்தபோது, மூட்டைகளையும் முதியோரையும் சுமந்தது சைக்கிளே. தென்மராட்சியிலிருந்து கிளாலிக் கடல்நீரேரியைக் கடந்து வன்னிக்கு வந்தோர் பலர் அதையும் படகில் ஏற்றி வந்தனர். நெல்மூட்டை, விறகு, தண்ணீர்க் கொள்கலன், நோயாளி, பள்ளிப் பிள்ளை யாவற்றையும் பின் கரியர் தாங்கிற்று. பெண் பிள்ளைகள் சைக்கிளில் நெடுந்தூரம் பள்ளிக்குச் சென்றனர். 2009 மே மாதத்தில் போர் முடிந்தபோது, முள்ளிவாய்க்காலையும் அதன் சுற்றுப்புறத்தையும் கண்டவர்கள் அங்கே குவிந்து கிடந்த சைக்கிள்களைப் பற்றிச் சொன்னார்கள். மனிதர் கைவிட்ட கடைசி உடைமைகளில் அதுவும் ஒன்று. இதுவே வன்னியின் சைக்கிள் வரலாறு.

இனித் தொலைபேசிக்கு வருவோம். 1990களில் உலகெங்கும் அரசுக்குரிய தொலைபேசித் துறைகள் தனியார்மயமாகத் தொடங்கின. நேற்றுவரை திணைக்களமாக இருந்தவை, இன்று பங்குச் சந்தையில் தம்மை விற்கவேண்டிய பண்டங்களாயின. அவற்றுக்கு முகமும் பெயரும் வேண்டியிருந்தன. ஜெர்மனியின் தபால் துறையிலிருந்து பிரிந்த ‘டொயிச்சே ரெலிகொம்’ 1991 முதல் ஒரு சைக்கிள் அணியைத் தாங்கிற்று. 1996 ஜூலையில் அவ்வணியின் பியார்ண ரீஸ் டூர் டி பிரான்ஸை வென்றார்; அவ்வாண்டு நவம்பரில் கம்பெனியின் பங்குகள் பொதுமக்களுக்கு விற்கப்பட்டன. மறு ஆண்டு யான் உல்ரிக் வென்றார். பத்தாண்டுகள் சென்றபின், 2007இல், தாம் ஊக்கமருந்து உட்கொண்டதாக ரீஸ் ஒப்புக்கொண்டார். அவ்வாண்டு நவம்பரிலேயே கம்பெனி தன் பெயரை அணியிலிருந்து அகற்றிக்கொண்டது. வெற்றியின் போது உடனிருந்த பெயர், பழியின் போது உடனிருக்கவில்லை.

நம் நாட்டிலும் அதே அலை வீசிற்று. 1991இல் தொலைத்தொடர்புத் திணைக்களம் கூட்டுத்தாபனமாயிற்று. 1996இல் ‘ஸ்ரீலங்கா ரெலிகொம்’ கம்பெனியாயிற்று. 1997இல் அதன் பங்குகளில் மூன்றிலொரு பங்குக்குச் சற்று மேற்பட்டதை ஜப்பானின் என்.ரி.ரி. நிறுவனம் வாங்கி, முகாமையையும் ஏற்றது. ஜப்பானியக் கம்பெனி கொழும்பில் தொலைபேசி இணைப்புகளைப் பெருக்கிய அந்த ஆண்டுகளில், வன்னியின் பெரும்பகுதியில் பொதுத் தொலைபேசி என்பதே இல்லை. கடிதமும் சைக்கிளும் காற்செய்தியுமே தொடர்பு. என்.ரி.ரி. என்ற பெயரை வாசகர் நினைவில் வைத்திருக்கும்படி வேண்டுகிறோம். அதை மீண்டும் சந்திப்போம்.

2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை முல்லைத்தீவை அழித்தது. இலங்கையின் கரையோரம் பெரும்பாலும் சிதைந்தது. அந்தச் செய்தி கேட்டு, அமெரிக்காவின் சிக்காகோவில் சைக்கிள் உறுப்புகள் செய்யும் ‘எஸ்ராம்’ கம்பெனியைச் சேர்ந்தவர்கள் 2005இல் ஓர் உதவி நிறுவனத்தைத் தொடங்கினர். ‘வேர்ல்ட் பைசிக்கிள் ரிலீவ்’ என்பது அதன் பெயர். இலங்கையில் அது 24,000க்கு மேற்பட்ட சைக்கிள்களை வழங்கிற்று. தொழிலுக்கும் பள்ளிக்கும் போக ஒரு வண்டி இருந்தால் ஒரு குடும்பம் நிமிர்ந்துவிடும் என்ற உண்மையை அவர்கள் இத்தீவிலே கண்டனர். பின்னர் அவர்கள் பணி ஆபிரிக்காவுக்குப் பரவிற்று. தென்னாபிரிக்காவில் அப்பணியோடு இணைந்த அமைப்பின் பெயர் ‘கூபெக்கா’. அங்குள்ள மக்களின் மொழியில் அது முன்னேறிச் செல்லுதலைக் குறிக்கும்.

அந்தப் பெயரும் சைக்கிளோட்டியின் மார்பில் ஏறிற்று. ‘எம்.ரி.என்.’ என்ற ஆபிரிக்கத் தொலைபேசிக் கம்பெனி பணம் கொடுக்க, ‘எம்.ரி.என். கூபெக்கா’ அணி உருவாயிற்று. 2015இல் அது டூர் டி பிரான்ஸில் ஓடியது. ஆபிரிக்காவில் பதிவுபெற்ற அணியொன்று அங்கே ஓடியது அதுவே முதன்முறை. எரித்திரியாவின் டானியல் தெக்லேகைமனொற், மலையேற்றத்தில் முன்னிற்பவருக்குரிய புள்ளிச் சட்டையை அணிந்தார். மண்டேலாவின் பிறந்த நாளான ஜூலை 18ஆந் தேதி, அவ்வணியின் ஸ்ரீவ் கமிங்ஸ் ஒரு கட்டத்தை வென்றார். அடிமைப்பட்டிருந்த ஒரு கண்டத்தின் மக்கள் அதைக் கண்டு மகிழ்ந்ததில் நியாயம் உண்டு, நாமும் மகிழ்கிறோம்.

ஆயின் அதன்பின் நடந்ததையும் பார்க்கவேண்டும். 2015இன் முடிவில் எம்.ரி.என். தலைமைப் புரவலர் நிலையிலிருந்து விலகிற்று. 2016இல் ‘டைமென்ஷன் டேற்றா’ என்னும் கணினித் துறைக் கம்பெனியின் பெயர் வந்தது. அக்கம்பெனி ஏற்கெனவே என்.ரி.ரி.யின் உடைமையாகியிருந்தது, ஆகவே 2020இல் அணியின் பெயர் ‘என்.ரி.ரி.’ என்று மாறிற்று. ஒரு காலத்தில் இலங்கைத் தொலைபேசியை முகாமை செய்த அதே பெயர், ஆபிரிக்க அணியின் மார்பில்! அவ்வாண்டின் முடிவில் அதுவும் விலகிற்று. 2021இன் நடுவில் மின்னணு நாணய வணிகம் செய்த கம்பெனியொன்றின் பெயர் ஒட்டப்பட்டது. அவ்வாண்டு முடிவில் அணி உலகின் முதல்தர ஓட்டங்களிலிருந்து மறைந்தது. ஏழு ஆண்டுகளுக்குள் எத்தனை பெயர்கள்! ஓட்டக்காரர் மிதித்துக்கொண்டே இருந்தனர். சட்டை மட்டும் மாறிக்கொண்டே இருந்தது. 2011இல் ‘எச்.ரி.சி.’ என்ற கைத்தொலைபேசிக் கம்பெனியின் பெயரைத் தாங்கிய அணி, உலகில் மிகுதியான வெற்றிகளைக் குவித்த அணிகளுள் ஒன்றாக இருந்தும், மறு ஆண்டுக்குப் புரவலர் கிடையாமையால் கலைக்கப்பட்டது. உழைப்பின் சிறப்பு உழைப்பாளியின் வேலைக்கு உத்தரவாதம் அன்று என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

இங்கே ஒரு மறுப்பு எழும். “கம்பெனிப் பணம் இல்லாவிடில் எரித்திரிய இளைஞன் பிரான்ஸை எட்டியிருப்பானா? ஏழையின் திறமைக்கு யார் சோறிடுவார்?” இக்கேள்வியை நாம் அலட்சியப்படுத்தவில்லை. கம்பெனியின் பணத்தால் நன்மையே விளையாது என்று சொல்வது உண்மைக்கு மாறானது. நாம் சொல்வது இதுதான்: அது கொடையன்று, வாடகை. வாடகைக்கு எடுத்தவர் தம் தேவை முடிந்ததும் வீட்டைக் காலிசெய்வர். அது அவர்கள் வழக்கம். வாடகையைக் கொடையென்று எண்ணி நன்றி சொல்லிக்கொண்டிருப்பவர்கள், ஒப்பந்தத்தைப் படிக்க மறந்துவிடுகிறார்கள்.

நம் நாட்டின் நிலை என்ன? 2010களில் ஸ்ரீலங்கா ரெலிகொம் தன் பெயரில் ‘ஸ்பீட் அப்’ என்னும் சைக்கிள் சவாரியை நடத்திற்று. நாட்டின் முன்னணி ஓட்டக்காரர் பலர் முப்படைகளினதும் பொலிசினதும் அணிகளைச் சேர்ந்தவர்கள். நிலையான சம்பளமும் பயிற்சியும் அவர்களுக்கு அங்கேதான் கிடைக்கின்றன. சைக்கிளோடு பிறந்து, சைக்கிளோடு இடம்பெயர்ந்து, சைக்கிளையே உறவாகக் கொண்ட வன்னி இளைஞனுக்கு அந்த வாயில் எளிதில் நுழையக்கூடிய வாயிலன்று. போருக்குப் பின் ஏ9 வீதி செப்பனிடப்பட்டது; 2013இல் கிளிநொச்சிக்கும் 2014இல் யாழ்ப்பாணத்துக்கும் புகையிரதம் மீண்டது; தொலைபேசிக் கோபுரங்கள் எழுந்தன; கடைச் சுவர்களில் கம்பெனிகளின் வண்ணங்கள் பூசப்பட்டன. வீதியும் இருக்கிறது, பெயர்களும் இருக்கின்றன, மிதிக்கும் கால்களும் இருக்கின்றன. அக்கால்களுக்கு ஒரு பயிற்றுநரும் ஒரு கழகமும் ஒரு நிலையான வருமானமும்தான் இல்லை.

சைக்கிளை மக்களிடம் சேர்க்க வேறு வழிகளும் உண்டு என்பதை நம் மொழி பேசும் உலகமே காட்டியிருக்கிறது. நாம் டைனமோ சுழற்றிய அதே காலத்தில், 1990களின் தொடக்கத்தில், புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின் வழியாகப் பல்லாயிரம் உழைக்கும் பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் கற்றனர். அவர்கள் சேலையில் எந்தக் கம்பெனியின் பெயரும் இல்லை. தமிழ்நாட்டு அரசு 2001இல் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவியருக்குத் தொடங்கிய இலவச சைக்கிள் திட்டம் பின்னர் மற்ற மாணவருக்கும் விரிந்தது. போருக்குப் பின் வட மாகாணத்தில் மீளக் குடியேறியோருக்கு இந்திய அரசு 10,000 சைக்கிள்களை வழங்கிற்று. இவற்றிலும் அரசியல் உண்டு. அரசுகளும் தம் பெயரைப் பொறிக்க விரும்புகின்றன. ஆயினும் பொதுப்பணத்தைக் கேள்வி கேட்க மக்களுக்கு உரிமை உண்டு. கம்பெனியின் விளம்பரச் செலவைக் கேள்வி கேட்க அவ்வுரிமை இல்லை. வேறுபாடு அங்கேதான்.

2022இல் நாட்டின் பொருளாதாரம் சரிந்து எரிபொருள் வரிசைகள் நீண்டபோது, கொழும்பிலும் மக்கள் சைக்கிளைத் தேடினர்; அதன் விலை பன்மடங்கு ஏறிற்று. வன்னி முப்பது ஆண்டுகளுக்கு முன் கற்ற பாடத்தை நாடு அப்பொழுது கற்கத் தொடங்கியது.

ஆசிரிய நண்பர்களே, மாணவத் தோழர்களே! நாளை ஒரு கம்பெனி உங்கள் பாடசாலை விளையாட்டுப் போட்டிக்கோ ஊர்ச் சைக்கிள் ஓட்டத்துக்கோ பதாகையோடு வரலாம். வரட்டும், விரட்டவேண்டியதில்லை. எத்தனை ஆண்டுக்கு வருகிறீர்கள்? பயிற்றுநருக்குச் சம்பளம் உண்டா? விழுந்து காயமுற்ற பிள்ளையின் மருத்துவச் செலவு யாருடையது? நீங்கள் போனபின் இங்கே எது எஞ்சும்? இந்த நான்கு கேள்விகளைக் கேளுங்கள். விடையை எழுத்தில் வாங்குங்கள்.

இன்னொரு கடமையும் உண்டு. டைனமோவைச் சுழற்றிய கைகளுக்கு இன்று வயதாகிவிட்டது. எந்தச் சைக்கிள், எந்த வானொலி, யார் சுழற்றினார், யார் யார் கூடிக் கேட்டனர் என்பதை ஒவ்வொரு மாணவனும் தன் வீட்டுப் பெரியவரிடம் கேட்டு எழுதட்டும். கம்பி இணைத்த முறையைப் படமாக வரையட்டும். இயன்றால் பௌதிகவியல் வகுப்பில் அதை ஒருமுறை செய்து பார்க்கட்டும். கம்பெனிகள் தம் அணிகளின் வரலாற்றை அழகிய தாளில் அச்சிட்டு வைத்திருக்கின்றன. நம்முடையதை நாம்தான் எழுதவேண்டும்.